காசு கொடுத்துத் தரையைப் பார்க்கப் போனோம்

ஐந்தரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பெட்டி நிறைய காட்டன் சட்டைகளாக அடுக்கிக்கொண்டு போயிருந்தோம் நானும் என் வீட்டுக்காரரும். நாங்கள் போன தென்னாப்பிரிக்காவில் ஜூலை மாதம் குளிர்காலம், விடியற்காலையில் எட்டு டிகிரி, ஏறப்போகிற வண்டிக்கு மேலே கூரையும் கிடையாது, பக்கத்தில் கண்ணாடியும் கிடையாது. "குல்லா எடுத்துக்கோ, கையுறை எடுத்துக்கோ" என்று அண்ணன் போனில் மூன்று தடவை சொன்னான்தான். ஊட்டிக்குப் போகும்போது பெரியவர்கள் சொல்வார்களே, அந்த மாதிரி நினைத்துக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் பத்து நிமிடத்தில் அந்தக் காதுதான் மரத்துப்போனது. சீட்டில் ஆளுக்கொரு கம்பளியும் அதற்குள் ஒரு வெந்நீர்ப் பையும் வைத்திருந்தார்கள். அந்தப் பையைக் குழந்தையை அணைப்பது போல அணைத்துக்கொண்டேன். ஆடம்பர சஃபாரியில் நான் அனுபவித்த முதல் ஆடம்பரம் அந்த ரப்பர் பைதான்.

அண்ணன் பதினொரு வருடமாக ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான். அங்கே குடியிருப்பவர்களுக்குப் பல இடங்களில் கட்டணம் குறைவு என்பதால் அவனும் அண்ணியும் சேர்ந்து எங்களையும் இழுத்துக்கொண்டு மூன்று இரவுக்குப் பதிவு செய்தார்கள். குறைவு என்றாலும் குறைவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுவது அந்தப் பகுதியில் சாதாரணம். காட்டுக்குள் தங்குகிற இந்த இடத்துக்குப் பெயர் லாட்ஜ். நம் ஊரில் லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடிப்படியில் வெற்றிலைக் கறையோடு இருப்பது. அம்மாவிடம் "லாட்ஜில் தங்கப்போறோம்" என்றதும் "நல்ல ஹோட்டலா கிடைக்கலையா?" என்று கேட்டார்.

இடம் சாபி சேண்ட். தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கில், க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய தனியார் காப்பகம். சுமார் 65,000 ஹெக்டேர். க்ரூகர் கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர், அதாவது ஒரு சின்ன நாடு. இரண்டுக்கும் நடுவில் முன்பு வேலி இருந்தது, 1993இல் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சிங்கத்துக்கும் யானைக்கும் எது அரசு நிலம், எது தனியார் நிலம் என்ற வித்தியாசம் இல்லை. வித்தியாசம் மனிதர்களுக்குத்தான். க்ரூகருக்குள் நீங்கள் சொந்தக் காரிலேயே போகலாம், ஆனால் சாலையை விட்டு இறங்கக் கூடாது, இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும், தார் ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகம்தான். சாபி சேண்டில் சிறுத்தை புதருக்குள் நுழைந்தால் வண்டியும் பின்னாலேயே புதருக்குள் நுழையும், இருட்டிய பிறகும் விளக்கைப் போட்டுக்கொண்டு சுற்றலாம், ஒரு மிருகத்தைச் சுற்றி இரண்டு மூன்று வண்டிக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். நீங்கள் கொடுக்கிற காசில் பெரும்பங்கு இதற்குத்தான், குளியல் தொட்டிக்கு அல்ல. குளியல் தொட்டியும் இருந்தது, காட்டைப் பார்த்தபடி. மூன்று நாளில் ஒரு தடவைகூட அதில் நான் இறங்கவில்லை, நேரமே கிடைக்கவில்லை.

வண்டியைச் சொல்லிவிடுகிறேன். திறந்த லேண்ட் க்ரூசர். பின்னால் மூன்று வரிசை, சினிமா தியேட்டர் மாதிரி ஒன்றைவிட ஒன்று உயரம். கடைசி வரிசையில் பார்வை நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆளைத் தூக்கிப் போடும், முதுகுவலிக்காரர்கள் முதல் வரிசையில் உட்காருவது நல்லது. ரேஞ்சர் பேசுவதும் அங்கேதான் சரியாகக் கேட்கும். ரேஞ்சர்தான் ஓட்டுநர், வழிகாட்டி, காபி போடுகிறவர், எல்லாம். அவருக்கு முன்னால் டாஷ்போர்டு மேல் ஒரு துப்பாக்கி படுத்திருக்கும், எங்களுக்கு அதை எடுக்கவே வேலை வரவில்லை. வண்டியின் மூக்கில், பானட்டின் இடது ஓரத்தில், இரும்புக் கம்பியில் பற்றவைத்த ஒற்றை நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர் டிராக்கர், தடம் பார்ப்பவர். எங்களுடையவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பக்கத்துக் கிராமத்து ஷாங்கான் இனத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். முதல் நாள் நான் அவரைப் பார்த்து "பாவம், அவ்வளவு குளிர்ல முன்னாடி உக்காத்தி வெச்சிருக்காங்களே" என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அந்த நாற்காலிதான் மொத்தப் பயணமும் என்று புரிந்தது.

போய்ச் சேர்ந்த அன்று மாலை மூன்றரைக்கு முதல் சவாரி. சவாரி என்றால் காலை ஒன்று, மாலை ஒன்று, ஒவ்வொன்றும் மூன்றிலிருந்து நான்கு மணி நேரம். எங்கள் வண்டியில் நாங்கள் நால்வர், அப்புறம் தேனிலவுக்கு வந்த ஒரு ஐரோப்பிய ஜோடி. அந்த மாலை நாங்கள் பார்த்தவை: இம்பாலா, இம்பாலா, தூரத்தில் இரண்டு ஒட்டகச்சிவிங்கி, மறுபடியும் இம்பாலா. இம்பாலா அழகான மான்தான், முதல் மந்தைக்கு எல்லோரும் படம் எடுத்தோம், நாலாவது மந்தைக்கு ஒருவரும் கேமராவைத் தூக்கவில்லை. தேனிலவுப் பையன் ஒரு கட்டத்தில் ரேஞ்சரிடம் "சிங்கம் வேட்டையாடுவதை எப்போது பார்ப்போம்?" என்று கேட்டான், ஏதோ ஏழு மணிக் காட்சி எப்போது என்று கேட்பது போல. ரேஞ்சர் சிரித்துவிட்டு, சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரைகூடப் படுத்தே கிடக்கும் என்றார். என் வீட்டுக்காரர் என் காதில், "அப்போ இங்கே ரிட்டயர்ட் ஆனவங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கோம்" என்றார்.

ஆக, முதலில் எதிர்பார்க்க வேண்டியது ஏமாற்றத்தை. டிவியில் ஒரு மணி நேரத்தில் காட்டுவதைப் படம்பிடிக்க மாதக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள், உங்களுக்கு இருப்பது ஆறு சவாரி. 'பெரிய ஐந்து' என்று சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் ஐந்தையும் ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு டிக் அடிக்க ஆரம்பித்தால் மனசு கெட்டுப்போகும். அந்தப் பெயரே வேட்டைக்காரர்கள் வைத்தது, நடந்து போய்ச் சுடுவதற்கு ஆபத்தான ஐந்து மிருகங்கள் என்ற கணக்கு. உருவத்துக்கும் அழகுக்கும் அதில் சம்பந்தமில்லை. அதனால்தான் நீர்யானைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் பட்டியலில் இடமில்லை.

மறுநாள் காலை, அந்த எட்டு டிகிரியில், மணல் பாதை ஒன்றில் டிராக்கர் கையை லேசாக உயர்த்தினார். வண்டி நின்றது. அவர் இறங்கி, குனிந்து, தரையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். எனக்குத் தெரிந்தது மணல்.

"இங்வே" என்றார் ரேஞ்சரிடம். சிறுத்தை. ரேடியோவில் பேசும்போதும் இந்த மாதிரி உள்ளூர்ப் பெயர்களைத்தான் சொல்வார்கள். பயணிகளுக்குப் புரிந்து முன்கூட்டியே ஆசையை வளர்த்துக்கொள்ளக் கூடாதாம். நாங்கள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டோம், இங்வே என்ற சத்தம் ரேடியோவில் வந்தாலே அண்ணி என் தொடையைக் கிள்ளுவார்.

அப்புறம் ரேஞ்சர் எங்களை இறங்கச் சொல்லி ஒரு சின்னக் குச்சியால் காட்டினார். முன்னால் நாலு விரல், பின்னால் ஒரு பெரிய பட்டை, அந்தப் பட்டையின் பின்விளிம்பு மூன்று மடிப்பாக இருக்கும். நகக்குறி இல்லை, பூனைச் சாதி நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கழுதைப்புலியாக இருந்தால் நகம் பதிந்திருக்கும். சரி, எப்போது போனது? இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தடத்தைச் சுற்றி மணலில் பனித்துளி விழுந்த பொடிப் பொடிப் புள்ளிகள் இருந்தன, தடத்துக்கு உள்ளே இல்லை. அப்படியானால் பனி விழுந்த பிறகு நடந்திருக்கிறது. நேற்றிரவு நாங்கள் திரும்பிய டயர் தடத்தின் மேல் ஏறி நடந்திருக்கிறது, அடியில் இல்லை. இரவில் ஊர்கிற பூச்சிகள் மணலில் தையல் போட்டது போலக் கோடு இழுத்துக்கொண்டு போகும், அந்தக் கோடு இந்தத் தடத்தைக் குறுக்கே வெட்டவில்லை. தடத்தின் விளிம்பு இன்னும் கூர்மையாக நிற்கிறது, சரியவில்லை. "ஒரு மணி நேரம் இருக்கும்" என்றார் டிராக்கர். ஒரு பழைய பத்திரத்தைப் படிக்கிற சார்பதிவாளர் மாதிரி வாசித்தார் மனிதர். காலையிலும் மாலையிலும் மட்டும் சவாரி போவதற்கு மிருகங்கள் நடமாடும் நேரம் என்பது ஒரு காரணம். வெயில் சாய்வாக விழுந்தால்தான் தடத்துக்குள் நிழல் விழும், உச்சிவெயிலில் அதே மணல் வெறும் மணலாகிவிடும் என்பது இன்னொரு காரணம், அவர் சொல்லித்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் நாங்கள் ஒரு மிருகத்தையும் பார்க்கவில்லை, ஆனால் ஒருவருக்கும் அலுக்கவில்லை. தடம் பாதையில் போனது, இடப்பக்கம் புல்லுக்குள் இறங்கியது, காணாமல் போனது. டிராக்கரும் ரேஞ்சரும் இறங்கிப் புதருக்குள் நடந்து மறைந்தார்கள், நாங்கள் ஆறு பேர் இன்ஜின் அணைத்த வண்டியில் உட்கார்ந்திருந்தோம். அந்த அமைதியை எப்படிச் சொல்வது? பனங்காடை ஒன்று எதிரே பட்டமரத்தில் வந்து உட்கார்ந்தது, நம் ஊர்ப் பனங்காடையின் பணக்காரச் சொந்தம் மாதிரி மார்பெல்லாம் ஊதா. எங்கோ கௌதாரிகள் திடீரென்று கத்த ஆரம்பித்தன, உடனே ஓர் அணில் விடாமல் சிட்சிட்டென்று திட்டியது. திரும்பி வந்த டிராக்கர் நாங்கள் எதிர்பார்த்த பக்கம் போகாமல், அந்த அணில் திட்டிய பக்கம் கையைக் காட்டினார்.

வண்டி புதரை மிதித்துக்கொண்டு நுழைந்தது. முள் கிளைகள் முகத்தில் அடிக்கும், "கிளை!" என்று ரேஞ்சர் கத்தும்போது குனிய வேண்டும். அங்கே ஒரு முள் மரம் இருக்கிறது, நம் இலந்தைக்குச் சொந்தம், ஒரு முள் நேராகவும் இன்னொன்று கொக்கியாகவும் இருக்கும். அது என் வீட்டுக்காரரின் புதுச் சட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டது, சட்டை கிழிந்தது. நிமிர்ந்து பார்த்தால் பத்தடியில், ஒரு கரையான் புற்றின் மேல், சிறுத்தை.

பெண் சிறுத்தை. எங்களைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத மாதிரி எங்களைத் தாண்டிப் பார்த்தது. இந்தப் பகுதியில் 1970களின் கடைசியிலிருந்து வண்டிகள் சிறுத்தைகளைத் தொந்தரவு செய்யாமல் பின்தொடர்ந்து பழக்கியிருக்கிறார்கள், தாயிடமிருந்து குட்டிக்கு, குட்டியிடமிருந்து அதன் குட்டிக்கு என்று அந்தப் பழக்கம் இறங்கி வந்திருக்கிறது. ஒவ்வொரு சிறுத்தையையும் தனித்தனியாக அடையாளம் தெரியும் அவர்களுக்கு. மீசை மயிர் வரிசைக்கு மேலே இரண்டு கன்னத்திலும் சில தனிப்புள்ளிகள் இருக்கும், அதை எண்ணிச் சொல்வார்கள். ரேஞ்சர் பைனாகுலரைக் கொடுத்து எண்ணச் சொன்னார். வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு. அந்தப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அது கொட்டாவி விட்டது. அதன் மேல் அண்ணத்தின் வரிவரியான மேடுகளைக்கூடப் பார்த்தேன். படம் எடுக்க மறந்துவிட்டேன்.

ஏன் பாயவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். வண்டியையும் அதில் இருப்பவர்களையும் சேர்த்து ஒரே உருவமாகத்தான் அவை எடுத்துக்கொள்கின்றன என்கிறார்கள். அதனால்தான் எழுந்து நிற்கக் கூடாது, கையை வெளியே நீட்டக் கூடாது, உருவம் உடைந்தால் கணக்கு மாறிவிடும். சிங்கத்தை நெருங்கும்போது டிராக்கரே முன்நாற்காலியிலிருந்து இறங்கி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் எழுந்து உள்ளே வருகிறார் என்றால் அடிவயிற்றில் ஒரு சில்லென்ற உணர்வு வரும் பாருங்கள்.

இருபது நிமிடம் இருந்திருப்போம். ரேடியோவில் வேறு இரண்டு வண்டிகள் வரிசையில் காத்திருந்தன, நாங்கள் விலகினோம். இது சிலருக்குக் கோபம் வரவழைக்கும், அந்தத் தேனிலவுப் பெண் "இவ்வளவு காசு கொடுத்தும் கிளம்பணுமா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு என்னவோ அந்த விதியில்தான் காசுக்கு மதிப்பு இருப்பதாகப் பட்டது. கென்யாவின் மசாய் மாராவில் ஆற்றைக் கடக்கும் மிருகக்கூட்டத்தைப் பார்க்க டஜன் கணக்கில் வண்டிகள் கரையை அடைத்துக்கொண்டு நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் பக்கத்துத் தனிக் காப்பகங்களில் வண்டிக்கு வரம்பு உண்டு, புக் செய்யும் முன் அதைக் கேளுங்கள், தலையணை எத்தனை என்று கேட்பதைவிட.

காலைச் சவாரியின் நடுவில் காபி. வெட்டவெளியில் நிறுத்தி, வண்டியின் முன்பக்கத்தில் ஒரு பலகையை விரித்து, வெள்ளைத் துணி போட்டு, ஃபிளாஸ்க்கும் ரஸ்க்கும் வைப்பார்கள். அந்த ரஸ்க் நம் பொறை மாதிரி, இன்னும் கெட்டி, முக்காமல் கடித்தால் பல் போய்விடும். காபியில் அமருலா ஊற்றட்டுமா என்று கேட்பார்கள். மருலா பழத்தில் செய்யும் மது அது, பாலும் சர்க்கரையுமாக இருக்கும். அண்ணி "கொஞ்சமா" என்றார், அப்புறம் "இன்னும் கொஞ்சம்" என்றார். மாலையில் இதே மாதிரி சூரியன் இறங்கும்போது ஜின், வைன், எங்களுக்கு எலுமிச்சை சோடா.

ஒருவரும் சொல்லித்தராத விஷயம்: கழிப்பறை கிடையாது. ரேஞ்சர் ஒரு புதரைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு வந்து "அது பாதுகாப்பு" என்பார், அவ்வளவுதான். புடவையில் போயிருந்தால் திண்டாடியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன், அண்ணியோ "புடவைதாண்டி இதுக்கு வசதி, மறைப்பும் அதுவே" என்றார், யோசித்தால் அதுவும் சரிதான். பேக்கிங்கில் இன்னொன்று: குட்டி விமானத்தில் போவதாக இருந்தால் எடை வரம்பு கறார், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்றமாட்டார்கள், மெத்தென்ற பைதான். நாங்கள் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து காரில் ஆறு மணி நேரம் வந்தோம், அந்தக் கவலை இல்லை. மலேரியா பகுதி, குளிர்காலத்தில் குறைவுதான், இருந்தாலும் டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு பற்றி ஒரு புகார். சைவம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தோம். மூன்று நாளும் ஏதாவது ஒரு வேடத்தில் பரங்கிக்காய் வந்தது, சூப்பாக, சுட்டதாக, சோற்றோடு கலந்ததாக. மூன்றாம் இரவு அண்ணி கைப்பையிலிருந்து மாவடு பாட்டிலை எடுத்தபோது நான் அழாத குறை.

காண்டாமிருகத்தைப் பார்த்தபோது சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. மூன்று, வெள்ளைக் காண்டாமிருகங்கள், புல் மேய்ந்துகொண்டிருந்தன, மூக்கில் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் வெட்டிய மரத்தின் அடி மாதிரி மழுங்கிய தட்டை. கள்ள வேட்டைக்குப் பயந்து அவர்களே மயக்க ஊசி போட்டு வெட்டிவிடுகிறார்கள். நகம் மாதிரிப் பொருள்தான் என்பதால் வலிக்காது, மறுபடி வளரும், மறுபடி வெட்ட வேண்டும். க்ரூகர் வட்டாரத்தில் 11 காப்பகங்களில் 2017 முதல் 2023 வரை கணக்கெடுத்ததில், கொம்பு வெட்டிய இடங்களில் கள்ள வேட்டை 78 சதவீதம் குறைந்தது என்று 2025இல் ஓர் ஆய்வு வெளியானது. படத்தை வைத்துக் கள்ள வேட்டைக்காரர்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று போனில் லொகேஷனை அணைத்துவிட்டுத்தான் படம் எடுக்கச் சொன்னார் ரேஞ்சர். என் வீட்டுக்காரர் ஒரு படமும் எடுக்கவில்லை.

யானையிடம் மட்டும் நான் கொஞ்சம் ஜம்பம் அடித்தேன். கன்னத்தில் ஈரம் வழிய ஒரு பெண் யானை வந்தது, "மதநீர்!" என்றேன் பெரிதாக. ரேஞ்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் பரபரப்பானால் அங்கே வழியும், மதம் பிடித்த ஆணைக் கண்டுபிடிக்கப் பின்னங்கால்களைப் பாருங்கள், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும் என்றார். முதுமலையில் வனத்துறை வண்டியில் நாலு தடவை போன அறிவு அதோடு முடிந்தது.

மாலைச் சவாரி இருட்டிய பிறகும் நீளும்போது டிராக்கர் கையில் ஒரு விளக்கு, இடமிருந்து வலம், வலமிருந்து இடம், துணி வெளுப்பவர் மாதிரி நிற்காமல் வீசிக்கொண்டே வருவார். கண்களின் பளபளப்பைத் தேடுகிறார். மான்கள் மேல் விளக்கு பட்டால் உடனே திருப்பிவிடுவார், கண் கூசி நின்றால் அவை யாருக்காவது இரையாகிவிடும். ஒரு மரத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு தாவித் தாவிப் போனது, புஷ்பேபி என்றார்கள், நம் தேவாங்குக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் தேவாங்கின் நிதானம் அதற்கு இல்லை.

இத்தனை செலவு செய்யத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம். க்ரூகருக்குள் ஸ்குகூசா, லோயர் சாபி, சதாரா மாதிரி அரசு முகாம்களில் தங்கி, வாடகைக் காரில் சுற்றினால் இதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும், யானையும் சிங்கமும் அதே யானையும் சிங்கமும்தான். அண்ணன் வருடத்துக்கு ஒரு தடவை அப்படித்தான் போகிறான். ஆனால் அங்கே முன்நாற்காலியில் அந்த ஆள் இருக்கமாட்டார்.

லாட்ஜைச் சுற்றி வேலி கிடையாது. இருட்டிய பிறகு அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் தனியாக நடக்கக் கூடாது, காவலர் டார்ச்சோடு கூட வருவார். இதெல்லாம் வருகிறவர்களுக்குத் த்ரில் கொடுக்கச் செய்கிற ஏற்பாடு என்பது என் வீட்டுக்காரரின் முடிவான கருத்து. கடைசி இரவு மாவடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை கடைசிச் சவாரிக்காகப் பையோடு நடந்து வந்தோம். டிராக்கர் வண்டியருகே நிற்காமல் எங்கள் பாதைக்கே எதிரில் வந்து, இரண்டடி முன்னால் நின்று, ஒன்றும் சொல்லாமல் கீழே காட்டினார். என் வீட்டுக்காரர் நேற்றிரவு போட்டிருந்த பாட்டா செருப்பின் தடம், அந்த வளைவு வளைவான கோடுகள் மணலில் தெளிவாக இருந்தன. நான் குனிந்தேன். நாலு விரல், பின்விளிம்பில் மூன்று மடிப்பு, நகம் இல்லை. செருப்புக்கு அடியிலா மேலேயா என்று பார்த்தேன்.

மேலே.

"என்னங்க, இங்க வாங்க" என்றேன்.